இரண்டாவது ஆள்

அந்த வாளியை நினைத்தால் பூட்டையாவுக்கு இன்றைக்கும் குமட்டும்.

போன கோடையில் மச்சினன் ஒரே ஒரு நாளைக்கு என்று படகுச் சாவியைக் கேட்டான். நேராகக் கேட்கவில்லை. எதையும் நேராகக் கேட்டு அவனுக்குப் பழக்கம் இல்லை. அக்காவிடம் கேட்டான். அக்கா சாப்பாடு போடும்போது இவரிடம் கேட்டாள். வாய் நிறைய இருந்ததால் இவரால் உடனே மறுக்க முடியவில்லை. விழுங்கி முடிப்பதற்குள் சாவி கை மாறிவிட்டது. வாங்கிப் போனவன் படகைத் துறையிலேயே கட்டிப் போட்டுக் கூட்டாளிகளோடு கூத்தடித்தான். தூண்டிலுக்கு வாங்கிய மீன் குடலை வாளியில் போட்டு மூடி, உள்ளறையில் படுக்கைப் பலகைக்கு அடியில் தள்ளிவிட்டு மறந்து போனான். அவன் மறந்தான், வெயில் மறக்கவில்லை. அடுத்த தடவை பூட்டையா போய்க் கதவைத் திறந்தபோது, உள்ளிருந்து யாரோ வெளியே வந்து முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. வாளியை இழுத்தார். மூடி உப்பியிருந்தது. உப்பிய மூடியைத் திறக்கக் கூடாது என்பது திறந்த பிறகுதான் தெரிந்தது. சட்டையைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் பனியனோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தார். வழி முழுக்கப் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை.

"வாளிதானே மாமா. கழுவினா போச்சு," என்றான் மச்சினன். பல் குத்திக்கொண்டே சொன்னான்.

கழுவினார். சோப்புப் போட்டுக் கழுவினார், பினாயில் ஊற்றிக் கழுவினார். ஈரக்காற்று அடிக்கிற நாளில் பலகை இடுக்கிலிருந்து அது இன்னமும் எட்டிப் பார்க்கிறது.

அதனால்தான் படகு யார்டின் பொறுப்பாளர் "ரெண்டாவது ஆள்" என்று வாயெடுத்ததும் அவருக்கு மூக்கில் அந்த வாளி வந்து நின்றது.

பூட்டையா என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை, யார்டு வைத்தது. படகை வண்டியில் ஏற்றி நிறுத்தியிருக்கும் இடத்தில் அவர் ஏணிக்குச் சங்கிலி, தண்ணீர்க் குழாய்க்குச் சங்கிலி, துடைப்பத்துக்கும் சங்கிலி. கழற்றக்கூடியது எதுவோ அதைச் சாயங்காலம் கழற்றிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவார், காலையில் கொண்டுவந்து மாட்டுவார்.

"துடைப்பத்துக்குப் பூட்டுப் போட்ட ஆள் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்," என்று பக்கத்துப் படகுக்காரரான பல் டாக்டர் ஒருநாள் சிரித்தார்.

"துடைப்பம் காணாமப் போறதை நிறுத்தச் சொல்லுங்க, பூட்டை எடுத்துடறேன்," என்றார் பூட்டையா, டாக்டரின் கண்ணையே பார்த்து. டாக்டருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

உழைத்த காலமெல்லாம் அவர் லிஃப்ட் மெக்கானிக். ஆள் ஏறுகிற கூண்டைக் கயிற்றில் தொங்கவிடுகிற வேலை. அதில் எதையும் நம்பக் கூடாது. கயிறு அறுந்தால் பிடிக்க ஒரு பிரேக், அது விட்டுவிட்டால் பிடிக்க இன்னொன்று. இந்தப் புத்தியை அவர் வேலையோடு விட்டுவிட்டு வரவில்லை. எந்த ஆளைப் பார்த்தாலும் இவன் எந்த இடத்தில் கையை விடுவான் என்று முதலிலேயே கணக்குப் போட்டு வைத்துவிடுவார். பெரும்பாலும் கணக்கு சரியாகவே வந்தது. அதனால்தான் புத்தி மாறவே இல்லை.

பொறுப்பாளர் வாயைத் திறந்ததற்குக் காரணம் இருந்தது. படகு சின்னது. பாய்மரம் அலுமினியக் குழாய். படகு வண்டியில் நிற்கும்போது மரம் அடியில் இருக்கும் கீலில் மடங்கிப் பின்பக்கமாகப் படுத்திருக்கும். தண்ணீரில் இறக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் அதை நிமிர்த்தி நிறுத்தவேண்டும். போன மாதம் பூட்டையா தனியாகத் தோள் கொடுத்து நிமிர்த்தப் பார்த்தார். பாதியில் மரம் பக்கவாட்டில் சாய்ந்து போய் டாக்டர் படகின் முன் கண்ணாடியில் விழுந்தது. டாக்டரின் படகு இதுவரை தண்ணீரைப் பார்த்ததே இல்லை. வாரம் ஒருமுறை வந்து மெத்தையைத் தட்டிப் போட்டுவிட்டு, மேலே உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு போவார். ஆனாலும் கண்ணாடி கண்ணாடிதான்.

"பெரியவரே, நான் சொல்றதைக் கேளுங்க," என்றார் பொறுப்பாளர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும், ஊதி யாரும் கேட்டதில்லை. "ரெண்டாவது ஆள் ஒருத்தர் பேரு கொடுங்க. ஆபீஸ் பேர்ப்பலகையில உங்க பேருக்குக் கீழ அவர் பேரையும் எழுதிடறேன், அவருக்கும் ஒரு சாவி. அப்புறம் ரெண்டு பேருமா என்ன வேணா பண்ணுங்க. இல்ல, தனியாத்தான் ஏத்துவேன்னா என் கண்ணு முன்னாடி ஒருதடவை ஏத்திக் காட்டுங்க. ரெண்டும் முடியலைன்னா மாசக் கடைசியில இடத்தைக் காலி பண்ணிடுங்க. எனக்கு உங்க மேல கோபம் எல்லாம் இல்ல."

"கோபம் இருந்தாலும் பரவாயில்ல," என்றார் பூட்டையா.

வீட்டுக்கு வந்து சொன்னதும் வீட்டுக்காரி பதிலைக் கையில் தயாராக வைத்திருந்தாள்.

"என் தம்பி சும்மாதானே இருக்கான். அவன் பேரைக் கொடுங்களேன்."

"சும்மா இருக்கான்னு எனக்குத் தெரியாதா. பொறந்ததுலேர்ந்து அந்த ஒரு வேலையைத்தானே ஒழுங்காப் பாக்கறான்."

"ஏங்க, வேற யாரு இருக்கா உங்களுக்கு? ஊர்ல ஒருத்தனையும் விட்டுவைக்காம சண்டை போட்டாச்சு. மிஞ்சினது என் தம்பிதான். அவனும் ரோஷம் இல்லாததாலதான் மிஞ்சினான்."

அதில் பொய் இல்லை. இருந்தாலும் மச்சினன் கையில் ஒரு சாவி நிரந்தரமாக இருக்கக் கூடாது. சாவி என்றால் கூட்டாளிகள். கூட்டாளிகள் என்றால் வாளி. அதைவிடப் படகை உடைத்து அடுப்பில் வைக்கலாம்.

ஆக, தனியாக ஏற்றிக் காட்டவேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

கோளாறு எங்கே என்று அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. படகின் பின்முனையில், படுத்திருக்கும் மரத்தைத் தாங்க ஒரு கவட்டை உண்டு. படகு செய்தவன் அதை முழங்கால் உயரத்துக்குத்தான் வைத்திருந்தான். மரம் அதில் தரையோடு தரையாகப் படுத்திருக்கும். முன்னாலிருந்து கயிற்றைப் போட்டு இழுத்தால், கயிறு மரத்தைத் தூக்காது, தன் பக்கம் இழுக்கும், அவ்வளவுதான். படுத்துக் கிடக்கிறவனைக் காலைப் பிடித்து இழுத்தால் எழுந்திருப்பானா? முதலில் உட்கார வைக்கவேண்டும். கவட்டையை ஆள் உயரத்துக்கு ஏற்றினால் மரம் பாதி உட்கார்ந்த மாதிரி இருக்கும். பிறகு இழுப்பது சுலபம்.

பழைய கவட்டையை அறுத்து எடுத்தார். அறுத்த குழாய்க்குள்ளிருந்து கருப்பாக ஒரு தண்ணீர் வந்தது, அதில் ஒரு பூரானும் வந்தது. புதிதாக இரண்டு இரும்புக் குழாய், குறுக்கே இரண்டு பட்டை, வீட்டின் பின்கட்டில் வைத்துத் தானே பற்றவைத்தார். மரம் உரசாமல் முன்னும் பின்னும் ஓடுவதற்கு உச்சியில் ஒரு உருளை வேண்டும். கடையில் கொடுத்த உருளையை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்காரியின் பழைய துணி பிழியும் மெஷினில் நல்ல ரப்பர் உருளை இருந்தது.

"என் மெஷினைப் பிச்சாச்சா?"

"அது ஓடி எத்தனை வருஷம் ஆச்சு."

"நீங்க ஓடியும்தான் எத்தனையோ வருஷம் ஆச்சு. உங்களை நான் பிச்சேனா?"

உருளையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

மீதி ஏற்பாடும் அவரே. படகின் முன்பக்கம் குட்டையாக ஒரு கழி, அதன் தலையில் ஒரு கப்பி. மரத்திலிருந்து வரும் கயிறு அந்தக் கப்பிமேல் ஏறி இறங்கி, அறையின் கூரைமேல் இருக்கிற வின்ச்சுக்கு வரும். வின்ச் டிரம்மில் கயிற்றை மூன்று சுற்று சுற்றிக் கைப்பிடியைச் சுழற்றினால் மரம் எழும். டிரம்மைத் தாண்டி வருகிற கயிற்று வாலை மட்டும் யாராவது லேசாகப் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டும். சின்னப் பிள்ளை பிடித்தால்கூடப் போதும். ஆனால் விடவே கூடாது. விட்டால் மூன்று சுற்றும் வழுக்கி மொத்தமும் ஓடிவிடும். பிடிக்க ஆள் இல்லாததால் வின்ச்சுக்குப் பக்கத்தில் ஒரு கவ்வியை வைத்தார். இரண்டு பல் சக்கரங்கள், நடுவில் கயிற்றைச் செருகினால் நாய் எலும்பைக் கவ்வுகிற மாதிரி கவ்விக்கொள்ளும். பித்தளைக் கவ்வி. யார்டில் பித்தளை ஒரு ராத்திரி தங்காது. அதனால் தினமும் சாயங்காலம் அதன் ஸ்க்ரூக்களைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார், தினமும் காலையில் கொண்டுவந்து பூட்டினார்.

காட்டவேண்டிய நாளன்று வீட்டுக்காரி அவர் கூடவே தம்பியையும் அனுப்பிவைத்தாள்.

"கூட இருக்கட்டும். ஏதாவது ஒண்ணுன்னா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவாவது ஒரு ஆள் வேணாமா?"

"அவன் கொண்டு போற வழியில காப்பி குடிக்க நிறுத்துவான்."

மச்சினன் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டிலிருந்தே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான், ஒரு பொட்டலத்தையும். படகின் நிழல் விழுகிற பக்கமாகப் பார்த்து நாற்காலியைப் போட்டான். உட்கார்ந்ததும் நாற்காலியின் நாலு காலும் வெளியே விரிந்தன. நல்ல கனம்.

"மாமா, வேணும்னா குரல் கொடுங்க."

"வேணாம்."

"வேணும்னா."

பொட்டலத்தைப் பிரித்துத் தின்றான். விரலை நக்கினான். அதே விரலால் காதைக் குடைந்து, குடைந்ததைப் பார்த்து, நாற்காலிக் கையில் தடவினான். பூட்டையா மேலே இருந்தபடி இதையெல்லாம் பார்த்தார். பார்க்காமல் இருக்கத்தான் நினைத்தார். கண் தானாக அங்கே போய்விட்டது. பிறகு அவன் கைகளை வயிற்றின்மேல் கோத்துக்கொண்டான். வாய் தானாகத் திறந்துகொண்டது. ஒரு ஈ வந்து உதட்டோரம் உட்கார்ந்தது, அவன் பாட்டுக்குத் தூங்கினான்.

பொறுப்பாளரும் டாக்டரும் படகின் முன்பக்கம் தள்ளி நின்றார்கள். டாக்டர் புதுக் கண்ணாடியின்மேல் ஒரு பழைய மெத்தையைப் போட்டு மூடியிருந்தார்.

"இது தற்காப்பு, ஐயா. தப்பா எடுத்துக்காதீங்க."

"தண்ணியில இறங்காத படகுக்கு இதுவே பெரிய சாகசம்தான்," என்றார் பூட்டையா.

கடற்பறவைகள் ராத்திரி முழுக்கக் கயிற்றின்மேல் இருந்திருக்கின்றன. கயிறெல்லாம் வெள்ளையும் பச்சையுமாக எச்சம். துடைத்தார், துடைத்த துணியைத் தூர எறிந்தார். கவ்வியைப் பையிலிருந்து எடுத்து ஸ்க்ரூக்களைப் பூட்டினார். ஒரு ஸ்க்ரூ கடைசி முறுக்கில் பிடிக்காமல் சும்மா சுற்றின மாதிரி இருந்தது. இன்னொரு முறுக்கு முறுக்கினார். போதும் என்று விட்டார்.

சுழற்ற ஆரம்பித்தார். மரம் புதுக் கவட்டையை விட்டு எழும்பியது. முனகக்கூட இல்லை. ஒரு கையில் கைப்பிடி, இன்னொரு கையில் கயிற்று வால். வந்து சேர்ந்த கயிற்றைப் படகின் ஓரமாகக் கீழே தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தார். மரம் ஏற ஏற அதன் இரண்டு பக்கமும் கட்டியிருந்த கம்பிகள் விறைத்து அதை ஆடாமல் பிடித்தன. எல்லாம் அவர் நினைத்த மாதிரியே நடந்தது. நினைத்த மாதிரி நடக்கிற எதையும் அவர் நம்புவதில்லை. ஆனாலும் அன்றைக்கு நம்பிவிட்டார்.

முக்கால்வாசி ஏறியபோது மரம் நின்றது. பார்த்தால் அந்தப் பக்கவாட்டுக் கம்பி ஒன்று அறைக் கதவின் கைப்பிடியில் மாட்டியிருக்கிறது. வாலைக் கவ்வியில் செருகினார், ஒரு தடவை இழுத்துப் பார்த்தார், விட்டுவிட்டுப் போய்க் குனிந்து கம்பியை விடுவித்தார். முதுகுக்குப் பின்னால் சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. மரப்பலகையிலிருந்து ஆணி பிடுங்குகிற மாதிரி ஒரு சத்தம்.

கவ்வி ஸ்க்ரூவோடு பெயர்ந்து வந்து குதித்தது. கயிறு டிரம்மில் வழுக்கி ஓடியது. மரம் சரிந்தது. அவர் திரும்பிப் பாய்வதற்குள் கை நீளத்துக்கு இறங்கிவிட்டது. பிடிக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. டாக்டரின் மெத்தை நினைவு வந்தது, பேர்ப்பலகையில் மச்சினன் பேர் எழுதியிருப்பது கண்ணில் தெரிந்தது.

படக்கென்று நின்றது.

அவர் கயிற்றைத் தொடவே இல்லை. மரம் அங்கேயே தொங்குகிறது, கயிறு விறைத்து நிற்கிறது. வால் எங்கே போகிறது என்று எட்டிப் பார்த்தார்.

கீழே, அவர் தள்ளிவிட்ட கயிறு மச்சினனின் நாற்காலியைச் சுற்றிச் சுருண்டு கிடந்திருக்கிறது. ஒரு சுருள் பின்னங்காலைச் சுற்றி, அந்தக் கால் கயிற்றின்மேலேயே ஏறி அழுத்தி, சிமெண்டுத் தரையோடு நசுக்கிப் பிடித்திருந்தது. மேலே அவ்வளவு கனமும் உட்கார்ந்திருந்தது. மச்சினன் லேசாக அசைந்தான், தொடையைச் சொறிந்தான், கண்ணைத் திறக்கவில்லை. ஈ பறந்துபோய்த் திரும்பவும் அதே இடத்தில் உட்கார்ந்தது.

பூட்டையாவுக்குக் காலிலிருந்து ஒரு அருவருப்பு ஏறியது. மரம் விழுந்திருந்தால்கூட அப்படி ஏறியிருக்காது.

யோசிக்க நேரம் இல்லை. வாலை எட்டிப் பிடித்தார். ஒரு கை கைப்பிடிக்கு வேண்டும், இன்னொரு கை மாட்டியிருந்த கம்பியைத் திரும்பவும் மாட்டாமல் தள்ளிப் பிடிக்க வேண்டும். கயிற்றை வாயில் கவ்வினார். பறவை எச்சமும் உப்பும் கிரீஸும் சேர்ந்து நாக்கில் ஒட்டின. குமட்டியதை விழுங்கிக்கொண்டு சுழற்றினார். மரம் நிமிர்ந்தது. மரத்தை முன்னாலிருந்து இழுத்துப் பிடிக்கிற கம்பியின் ஆணியைச் செருகி வளைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

முன்பக்கம் நின்றவர்களுக்கு மரத்தின் தலையும் அவர் தலையும்தான் தெரிந்தன, படகின் ஓரமாகக் கீழே போன வால் தெரியவில்லை.

"பிடிச்சிட்டீங்களே பெரியவரே," என்றார் பொறுப்பாளர். "ஒரு நொடி என் உயிரே போயிடுச்சு. எப்படிப் பிடிச்சீங்க?"

"பல்லால," என்றார் டாக்டர். "நான் பார்த்தேன். இந்த வயசுல இந்தப் பல்லு. கிளினிக் பக்கம் வாங்க ஒருநாள், காசு வாங்காமலே பார்க்கறேன்."

பூட்டையா ஓரமாகத் துப்பினார். "இது செல்லாது," என்றார்.

"எது?"

"இறக்கிட்டுத் திரும்ப ஏத்தறேன். பாருங்க."

"எதுக்கு? என் கண்ணு முன்னாடிதானே ஏத்தினீங்க. தனியாத்தானே ஏத்தினீங்க. யாரும் கை வச்சாங்களா?"

கை வைக்கவில்லை. அதுதான் நிஜம். கை வைத்திருந்தால்கூடச் சொல்லிவிடலாம். எதை வைத்தான் என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் பொறுப்பாளர் விழுந்து விழுந்து சிரிப்பார். சிரித்து முடித்ததும், அப்படின்னா ரெண்டாவது ஆள் இருக்காரே, பேரை எழுதிடலாமே என்பார். சொல்லாவிட்டால் இடம் இவருக்குத்தான். இத்தனை காலம் அடுத்தவன் எங்கே ஏமாற்றுவான் என்று பார்த்துக்கொண்டிருந்தவர், இன்றைக்குத் தானே ஏமாற்றிவிட்டு நிற்கிறார். அதுவும் இவனால் பிழைத்து. வாயில் இருந்த ருசியைவிட இது மோசமாக இருந்தது.

"செல்லாதுன்னா செல்லாது," என்றார் திரும்பவும்.

"பெரியவரே, எனக்கு வேற வேலை இருக்கு. பார்த்தாச்சு, முடிஞ்சது. இடம் உங்களுக்குத்தான், ரெண்டாவது ஆள் தேவையில்ல. திருப்பித் திருப்பி ஏத்தி இறக்கி விளையாடணும்னா விளையாடுங்க." பொறுப்பாளர் விசிலை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். டாக்டரும் கண்ணாடிமேல் இருந்த மெத்தையைத் தட்டி எடுத்துக்கொண்டு, கதவைப் பூட்டிக் கிளம்பினார்.

பூட்டையா கீழே இறங்கி, தூங்குகிறவனின் நாற்காலியை லேசாகச் சாய்த்து, காலடியில் நசுங்கியிருந்த கயிற்றைத் தளர்த்தினார். மேலே வந்து, படகைக் கரையில் கட்டுவதற்கு இருக்கிற இரும்புக் கொம்பில் கயிற்று வாலை எட்டுப் போட்டுச் சுற்றிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக நழுவவிட்டு மரத்தைத் திரும்பக் கவட்டையில் படுக்க வைத்தார். பிறகு பெயர்ந்து விழுந்த கவ்வியைப் பொறுக்கினார். பலகையில் அது இருந்த இடத்தைப் பார்த்தார். ஸ்க்ரூ ஓட்டைகள் கிழிந்து, அகன்று, விரலே நுழைகிற மாதிரி இருந்தன. ஸ்க்ரூவில் குற்றம் இல்லை, பலகையிலும் குற்றம் இல்லை. தினமும் கழற்றித் தினமும் பூட்டி, திருடன் கைக்குப் போகக் கூடாது என்று பார்த்துப் பார்த்து, இவரே ஓட்டையைத் தின்றிருக்கிறார். லிஃப்டில் ஒரு பிரேக்குக்குப் பின்னால் இன்னொரு பிரேக் வைத்த ஆள், இங்கே ஒன்றை மட்டும் வைத்துவிட்டு அதையும் தினமும் பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஸ்க்ரூ இனி ஆகாது. பலகையை முழுக்கத் துளைத்து, மேலிருந்து போல்ட் விட்டு, கீழே நட்டுப் போட்டு இறுக்கவேண்டும். அப்படி இறுக்கினால் தினமும் கழற்ற முடியாது. கவ்வி இங்கேயேதான் கிடக்கவேண்டும்.

நட்டு இறுக்க அறைக்குள் போகவேண்டும். உள்ளே போய்ப் படுக்கைப் பலகையில் மல்லாந்து படுத்து, கூரையின் அடிப்பக்கத்துக்கு முகத்தை ஒட்டி வைத்து ஸ்பானரைப் பிடித்தார். வெயிலில் அறை வெந்துகொண்டிருந்தது. வாளி இருந்த இடம் சரியாக முதுகுக்குக் கீழே. அது வந்தது. மூக்கை மூடக் கை இல்லை. வாயால் மூச்சு விட்டால் நாக்கில் கயிற்றின் எச்சம். இரண்டுக்கும் நடுவில் படுத்துக்கொண்டு, தன்னையும் சேர்த்து எல்லோரையும் திட்டிக்கொண்டே நாலு நட்டையும் இறுக்கினார். வெளியே வந்து, போன தடவை விட்டுப்போனதையும் செய்தார். கவ்விக்குப் பின்னால், வால் போய்ச் சேர இன்னொரு கொம்பை வைத்தார். கவ்வி விட்டால் அது பிடிக்கும்.

துளை போட்ட சத்தத்தில் மச்சினன் விழித்தான். கொட்டாவி விட்டு, கண்ணைக் கசக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தான். மரம் கவட்டையில் படுத்திருந்தது.

"இன்னுமா ஏத்தலை மாமா?"

பூட்டையா ஸ்பானரைப் பையில் போட்டார்.

"எந்திரி. நாற்காலியைத் தூக்கிட்டுக் கேட்டுப் பக்கம் போ."

"இங்கதானே நிழல்."

"எந்திரின்னா எந்திரி."

அவன் எழுந்ததும் கயிறு நாற்காலிக் காலிலிருந்து நழுவித் தரையில் சுருண்டது. அவன் அதைக் காலால் ஒதுக்கிவிட்டு, நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு நடந்தான். கேட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். இங்கிருந்து கத்தினாலும் கேட்காத தூரம். இனி அவனைச் சுற்றி எந்தக் கயிறும் இல்லை.

பூட்டையா சுழற்றினார். கைப்பிடி, வால், கைப்பிடி, வால். முக்கால்வாசியில், மாட்டாமலேயே வேண்டுமென்று நிறுத்தினார். வாலைக் கவ்வியில் செருகிவிட்டு இரண்டு கையையும் விட்டார். விட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். மரம் அசையவில்லை. அப்புறமும் கொஞ்ச நேரம் நின்று, அது ஏமாற்றுகிறதா என்று பார்த்தார். ஏமாற்றவில்லை. மீதியையும் ஏற்றி ஆணியைச் செருகினார்.

யார்டில் பார்க்க யாரும் இல்லை. பறவை ஒன்று மட்டும் வந்து, நிமிர்ந்த மரத்தின் உச்சியில் உட்கார்ந்து, உடனே எச்சமிட்டது. அது நேராக அவருடைய தொப்பியில் விழுந்தது. தொப்பியைக் கழற்றிப் பார்த்தார். வேறென்ன எதிர்பார்க்கமுடியும் என்று திரும்பப் போட்டுக்கொண்டார்.

சாமான்களைப் பையில் போட்டு, ஏணிக்கும் குழாய்க்கும் துடைப்பத்துக்கும் பூட்டுப் போட்டார். கை பழக்கத்தில் ஸ்க்ரூ டிரைவரோடு கவ்விக்குப் போனது. போல்ட் தலை அவரைப் பார்த்தது. கையை எடுத்துக்கொண்டார்.

கேட்டருகே மச்சினன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தயாராக நின்றான்.

"ஏத்திட்டீங்களா? அப்ப பலகையில என் பேரு?"

"கிடையாது."

"சரி விடுங்க." அவனுக்கு வருத்தம் ஒன்றும் தெரியவில்லை. "அக்கா கேட்டா மட்டும் நான் கூடவே இருந்தேன்னு சொல்லிடுங்க மாமா. இல்லைன்னா சாப்பாட்டுல கை வைப்பா."

"கூடத்தான் இருந்தே," என்றார் பூட்டையா.

அவர் குரலில் கேலி இல்லாததால் மச்சினன் ஒரு மாதிரி பார்த்தான். பூட்டையா அவன் கையிலிருந்து நாற்காலியைப் பிடுங்கினார். திரும்பப் படகுப் பக்கம் போய், அதை வண்டிச் சக்கரத்தோடு சேர்த்து வைத்து, பையிலிருந்து மிச்சமிருந்த சங்கிலியை எடுத்து அதன் கையினூடே விட்டு இழுத்து, பூட்டை அழுத்தினார். பின்னங்கால் ஒன்றில் கயிறு அழுத்தின இடம் பள்ளமாக வெள்ளை பூத்திருந்தது. நாற்காலிக் கையில் அவன் தடவினதும் காய்ந்து அப்படியே இருந்தது. அது தன்மேல் படாமல் பார்த்துப் பூட்டினார்.

"அது வீட்டு நாற்காலி மாமா. அக்கா தேடுவா. இந்தப் பிளாஸ்டிக்கை யாரு வந்து திருடப் போறா?"

"வாயை மூடிக்கிட்டு நட."

பஸ் நிறுத்தம் வரைக்கும் பூட்டையா காறிக் காறித் துப்பிக்கொண்டே நடந்தார். கயிற்றின் ருசி போகவில்லை.